மாட்டாஸ்பத்திரியும் பெட் கிளினிக்கும்

1970-களின் கடைசியில், ராயபுரத்தில் எங்கள் தெருவில் நாய்க்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் ஒரே போக்கிடம் வேப்பேரிதான். "மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்கடா" என்பார் தாத்தா. எங்கள் நாய் மணி மூன்று நாள் சோறு தொடாமல் கிடந்தபோது, காசிமேட்டில் சரக்கு இறக்கிவிட்டு வந்த மீன்பாடி வண்டியில் சாக்கு விரித்துப் படுக்கவைத்தோம். பலகையெல்லாம் ஐஸ் தண்ணீர். மணி நடுங்கியது காய்ச்சலிலா, குளிரிலா என்பது எனக்கு இன்னும் புரியவில்லை.

அங்கே டாக்டர் என்ன படித்தவர் என்று யாரும் கேட்டதில்லை. 1903-ல் சைதாப்பேட்டையில் தொடங்கி, பிறகு வேப்பேரிக்கு வந்த கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி அது. அந்தப் பெயரே போதும். பேராசிரியர் ஒருவர் மணியின் வாயைப் பிளந்து காட்ட, மாணவர்கள் சுற்றி நின்று குறிப்பெடுத்தார்கள். இத்தனை பேர் பார்க்கும்போது தப்பாக மருந்து கொடுத்துவிட முடியுமா என்பது அப்பாவின் கணக்கு. மோசமான கணக்கு என்று சொல்லமாட்டேன்.

நாய் கடித்தால் ஸ்டான்லி ஆஸ்பத்திரி, தொப்புளைச் சுற்றி 14 ஊசி. அந்த நாய்க்கே முன்கூட்டி ஊசி போடலாம் என்பது எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது.

இப்போது எங்கள் வடசென்னைப் பக்கமே மாறிவிட்டது. 2011-ல் திருவொற்றியூரும் கத்திவாக்கமும் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தன. நாய் வளர்க்க உரிமம் கேட்கிறார்கள், அதற்கு வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று கேட்கிறார்கள். பெட் கிளினிக் போர்டுகளில் ஸ்கேன், எக்ஸ்ரே, குரூமிங் என்று பட்டியல் நீள்கிறது. வேப்பேரிவரை ஓட வேண்டாம், நல்லதுதான். ஆனால் அந்த நாலு சுவருக்குள் என்ன நடக்கிறது என்று சுற்றி நின்று பார்க்க மாணவர்கள் இல்லை.

அமெரிக்காவில் அந்த வேலையை 1933-ல் தொடங்கிய அமெரிக்கன் அனிமல் ஹாஸ்பிட்டல் அசோசியேஷன் செய்கிறது. மயக்கமருந்து கொடுத்தபின் நாடித்துடிப்பை யார் கவனிக்கிறார்கள், பார்வோ தொற்று வந்த குட்டியைத் தனி அறையில் வைக்கிறார்களா, நோயேடு ஒழுங்காக இருக்கிறதா என்று நூற்றுக்கணக்கான அளவுகோல்களை வைத்துச் சோதித்துத்தான் அங்கீகாரம் தருகிறார்கள். கட்டாயமில்லை. அங்கேயே பெரும்பாலான ஆஸ்பத்திரிகள் அதை வாங்குவதில்லை. நம் பக்கத்துக் கிளினிக் வாசல் எதிலும் அப்படியொரு முத்திரையை நான் பார்த்ததில்லை.

நம்மிடம் இருப்பது 1984-ம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம். பி.வி.எஸ்சி. முடித்துக் கவுன்சிலில் பதிவு செய்தவர்தான் வைத்தியம் பார்க்கலாம் என்கிறது அது. ஆக, டாக்டருக்குப் பதிவு எண் உண்டு; அவர் உட்கார்ந்திருக்கும் அறைக்கும், மருந்து வைத்திருக்கும் ஃபிரிட்ஜுக்கும் நாம்தான் இன்ஸ்பெக்டர்.

ஃபிரிட்ஜைச் சும்மா சொல்லவில்லை. தடுப்பூசி மருந்து 2 முதல் 8 டிகிரிக் குளிரில் இருக்க வேண்டும். அனல்மின் நிலையத்தைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டும் எண்ணூரில் கரண்ட் போகத்தான் செய்கிறது. நாலு மணி நேரம் கரண்ட் இல்லையென்றால் மருந்து என்ன ஆகும் என்று போன மாதம் ஒரு கிளினிக்கில் கேட்டேன். அந்த இளம் டாக்டரம்மா முகம் சுளிக்கவில்லை. இன்வெர்ட்டரைக் காட்டினார், ஃபிரிட்ஜைத் திறந்து உள்ளே தொங்கிய தெர்மாமீட்டரைக் காட்டினார். ஊசி போட்டு முடித்ததும் மருந்துக் குப்பியிலிருந்து நகத்தால் லேபிளை உரித்து எங்கள் நாயின் நோட்டில் ஒட்டி, மேலே கையெழுத்துப் போட்டார். பேட்ச் எண், காலாவதித் தேதி எல்லாம் அந்த விரலகலத் தாளில் இருந்தன.

உங்கள் வீட்டு நாயின் நோட்டை எடுத்துப் பாருங்கள். அந்த லேபிள் இல்லையென்றால், அடுத்த ஊசிக்குக் கேட்டு ஒட்டி வாங்குங்கள்.