உங்களுக்குத் தெரியுமா? எல்இடி மாட்டினால் இண்டிகேட்டர் ஏன் படபடக்கிறது?

பைக்கில் பல்பு இண்டிகேட்டரைக் கழற்றிவிட்டு எல்இடி மாட்டியதும் அது படபடவென்று அடித்துக்கொள்ளும். விளக்கில் கோளாறு இல்லை. பல பைக்குகளில் பழைய பல்பு ஒன்று 10 வாட் இழுக்கும். எல்இடிக்கு ஓரிரு வாட் போதும். மின்னோட்டம் குறைந்ததும், பல்பு ஃபியூஸ் போய்விட்டது என்று, இண்டிகேட்டரை மின்னவைக்கும் ஃபிளாஷர் ரிலே நினைத்துக்கொள்கிறது. வேகமாக மின்னி எச்சரிக்கிறது. (சில ரிலேக்கள் மின்னவே மின்னாது.) ரெசிஸ்டர் போட்டும் சமாளிக்கலாம். ஆனால் அது சுடும். பிளாஸ்டிக் பக்கத்தில் வைக்கக் கூடாது. எல்இடிக்கான ரிலேவாக மாற்றுவதே மேல். மீட்டரில் இரு பக்கத்துக்கும் ஒரே விளக்கு என்றால் இன்னொரு வேடிக்கை: இடது பக்கம் போட்டால் நான்கும் மின்னும்! அதைத் தடுக்க இரண்டு டையோடு தேவை. எதை மாட்டினாலும், இண்டிகேட்டர் நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை, அம்பர் நிறத்தில் மின்ன வேண்டும் என்பது இந்திய மோட்டார் வாகன விதி.