பாலாற்று அணைக்கட்டும் பழங்கால்களும்

திருப்பெரும்பூதூர், ஒரகடம் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த நிலப்பரப்பு இன்று மகிழுந்துத் தொழிற்சாலைகளாற் பெயர்பெற்றுள்ளது. எனினும் அஃது ஏரிகளால் உருப்பெற்ற நிலம் என்பதை மறத்தலாகாது. திருப்பெரும்பூதூர் ஏரிக்குப் பாலாற்று நீரைக் கொணரும் கால் ‘கம்பன் கால்வாய்’ என வழங்கும். அவ்வேரியின் மிகைநீர் செம்பரம்பாக்கம் ஏரியைச் சேர்ந்து சென்னையின் குடிநீராகின்றது. இந்நீர்வழிகளின் தலைப்பைக் காண விழைந்து, வாலாசாவை அடுத்த பாலாற்று அணைக்கட்டிற்கு யாம் சென்றோம்.

இவ்வணை 1858ஆம் ஆண்டிற் கட்டப்பெற்றது. இது நீரைத் தேக்கிவைக்கும் அணை அன்று. ஆற்றின் குறுக்கே தாழ்ந்து கிடந்து, வெள்ளத்தைத் தலைவாய்களின் மட்டத்திற்கு உயர்த்தி, எஞ்சியதைத் தன்மேல் வழிந்தோடவிடுவது. ‘அணைக்கட்டு’ என்னும் நம் சொல்லே ஆங்கிலத்திற் புகுந்து, இத்தகைய அணைகட்குப் பெயராயிற்று. வடகரையில் மகேந்திரவாடிக் காலும் காவேரிப்பாக்கக் காலும், தென்கரையில் சக்கரமல்லூர்க் காலும் தூசிக் காலும் இதனின்று பிரிகின்றன.

இங்கு ஓர் ஐயம் எழும்: அணை 1858இற் பிறந்தது எனின், கால்களும் அன்றே பிறந்தனவோ? கால்கள் சென்றடையும் ஏரிகளை நோக்குவோம். மகேந்திரவாடிக் குடைவரையிலுள்ள வடமொழிக் கல்வெட்டு, குணபரன் என்னும் முதலாம் மகேந்திரவர்மன் அக்கோயிலை மகேந்திர தடாகத்தின் கரையில் அமைத்தான் என்கின்றது. காவேரிப்பாக்கம் கல்வெட்டுகளில் ‘அவனிநாராயணச் சதுர்வேதிமங்கலம்’ எனப்படும். அவனிநாராயணன் என்பது மூன்றாம் நந்திவர்மனின் விருதுப்பெயர். எனவே இவ்வேரிகள் அணைக்கு ஆயிரம் ஆண்டளவு முற்பட்டன எனலாம்.

ஏரி பழையதாயினும் அதற்கு மழைநீரே போதுமாயிருந்திருக்கலாமே என்பார்க்குக் கூரம் செப்பேடு விடை தரும். ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முதலாம் பரமேசுவரவர்மன் வழங்கிய அவ்வேடு, பரமேசுவர தடாகத்திற்குப் பாலாற்றினின்று தோண்டப்பெற்ற பெரும்பிடுகு காலைக் குறிக்கின்றது. ஆற்றுநீரைக் கால்வழி ஏரிக்குக் கொணரும் முறை பல்லவர் காலத்ததே என்பது இதனால் தெற்றென விளங்கும். ஆகவே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் அணை அம்முறையைத் தோற்றுவித்ததன்று. தலைவாயை நிலைபெறச் செய்ததே எனக் கொள்ளுதல் பொருந்தும்.

கம்பன் கால்வாயைப் பல்லவன் கம்பவர்மனோடு இயைப்பாரும் உளர். பெயரொப்புமை ஒன்றே சான்றாகாது. கூரம் ஏட்டினை ஒத்த எழுத்துச்சான்று கிடைக்கும் வரை அதனைக் கருதுகோளாகவே கொள்ளல் வேண்டும்.

பெரும்பிடுகு காலை நாம் அறிவது ஏட்டில் அதன் பெயர் நின்றமையால் அன்றோ? தொழிற்சாலைகளும் சாலைகளும் பெருகும் இவ்வட்டாரத்தில், கிளைக்கால், மதகு, கலிங்கு ஆகியவற்றின் பெயர்கள் முதியோர் நாவிலேயே எஞ்சியுள்ளன. பெயரிழந்த கால் வெறும் பள்ளமாகக் கருதப்பட்டுத் தூர்க்கப்படுதல் எளிது. கல்வெட்டுப் பயிலும் மாணவர் இப்பெயர்களை ஊர்தோறும் சென்று தொகுப்பாராயின், வரலாற்றோடு நீர்வழியும் காக்கப்பெறும்.