நீருக்கும் உண்டு பாகு

அடுப்பின் மீதிருக்கும் வெல்லப்பாகு தாராளமாய் ஓடுகிறது. ஆறினாலோ கரண்டியை விடமாட்டேன் என்கிறது. இதை அறியாத வீடு எங்கள் உடுமலைப்பேட்டையில் இல்லை. ஆனால், குடத்து ஜலத்திற்கும் இக்குணம் சிறிது உண்டு என்றால் என் வகுப்புப் பிள்ளைகள் நகைக்கிறார்கள்.

நீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றி இழுப்பதால் உண்டாவதே அதன் பாகுத்தன்மை. உஷ்ணம் ஏற ஏற அப்பிடி தளர்கிறது. 20 டிகிரி சென்டிகிரேடில் அதை 100 என்று கொண்டால், 30 டிகிரியில் சுமார் 80; 40 டிகிரியில் 65. இரத்த ஓட்டத்தை ஆராயப் புகுந்த பிரெஞ்சு வைத்தியர் புவாசேய், 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நுண்ணிய கண்ணாடிக் குழாய்களில் நீரை ஓட்டி இதனை அளந்தார்.

இதனால் நமக்கென்ன என்று கேட்பீர்கள். சர்க்கார்பதியிலிருந்து காண்டூர் கால்வாய் வழியே திருமூர்த்தி அணைக்கு வரும் நீர், பின்னர் வாய்க்கால்களில் வயல்களை நாடிச் செல்கிறது. மண் வாய்க்காலிலே மண்துகள்களின் இடுக்குகள்தாம் நுண்குழாய்கள். மற்றவை சமமாயிருப்பின், 20 டிகிரி நீர் நான்கு குடம் கசியும் நேரத்தில் 30 டிகிரி நீர் ஐந்து குடம் கசிந்துவிடும். வெயில் குடிப்பது இதற்கு மேல்.

நீர் அருமையாகும் கோடையிலேயே கசிவும் மிகுகிறது. ஆகவே, வாய்க்காலுக்குச் சிமெண்டுப் பூச்சு இடுவது ஆடம்பரமன்று. ஐந்தாவது குடத்தைக் காப்பதாகும்.