பொய் ஏன் தீயது?

பொய் தீயது என்பதால் இறைவன் அதனைத் தடுத்தானா, அன்றி அவன் தடுத்ததனால்தான் அது தீயதாயிற்றா? இறையியல் அறிஞர்கள் பல நூற்றாண்டுகள் வாதிட்ட வினா இது.

நன்மை தீமைகளின் அடிப்படைகளை மனித அறிவே உணரும். வஹீ அதனை உறுதி செய்து விரிவுபடுத்துகிறது என்றனர் முஃதஸிலாக்கள். அஷ்அரீ வழியினர் இதனை மறுத்தனர். அவ்வழி நின்ற இமாம் கஸ்ஸாலி (கி.பி. 1058–1111) கேட்கிறார்: கொல்ல வருபவனிடமிருந்து ஒரு நபியைக் காக்கச் சொல்லும் பொய் கடமையாகிவிடுகிறதே, தீமை பொய்யின் இயல்பிலேயே உறைந்திருப்பின் இஃது எங்ஙனம் கூடும்? அவ்வாறாயின், கைம்மாறு கருதாது அந்நியனைக் காப்பாற்றுகிறவனைத் தூண்டுவது எது? தன்னை அவனிடத்தில் வைத்துப் பார்க்கும் இரக்கம், புகழ் நாட்டம், மனத்தின் பழக்கம் என்கிறார். பாம்பு கடித்தவன் பலநிறக் கயிற்றைக் கண்டும் அஞ்சுவான் அல்லவா? மனவியல் நோக்கில் இது வியத்தகு நுட்பம். ஆயினும் செயலின் தூண்டுதலை விளக்கிவிட்டால் அதன் நன்மையையும் விளக்கியதாகிவிடுமா என்ற ஐயம் நமக்கு எஞ்சுகிறது.

இவ்விவாதத்தின் விளைவு இறைத்தூது எட்டாத மனிதன்மீதே விழுகிறது. அறிவை உயர்த்திய முஃதஸிலாக்கள் அவனையும் பொறுப்பாளியாக்கினர். சமர்கந்தைச் சார்ந்த மாத்துரீதி அறிஞர் பலரும், இறைவன் ஒருவன் உளன் என்பதையேனும் அவன் சிந்தித்து அறிந்திருக்க வேண்டும் என்றனர். அறிவின் எல்லையைச் சுருக்கிய அஷ்அரீக்களோ, திருக்குர்ஆன் 17:15ஆம் வசனத்தை ஆதாரமாக்கி, அவனுக்குத் தண்டனை இல்லை என்றனர்.