அரக்கோணத்தில் இரண்டு முகாம்கள்

வாலாஜா ரோட்டில் ரயிலேறினால் ஒரு மணி நேரத்துக்குள் அரக்கோணம். அந்த ஊரில் கடல் இல்லை, ஆனால் கடற்படை இருக்கிறது. 1992-ல் தொடங்கிய ஐ.என்.எஸ். ராஜாளி விமானத் தளத்திலிருந்து, கடலடியில் திரியும் நீர்மூழ்கிகளைத் தேடும் பி-8ஐ விமானங்கள் பறக்கின்றன. 2009 ஒப்பந்தப்படி எட்டு விமானங்களின் விலை சுமார் 210 கோடி டாலர். அதே ஊரில்தான் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4-வது பட்டாலியனும் ரப்பர் படகுகளோடு இருக்கிறது.

2015 டிசம்பரில் இந்த இரண்டு முகாம்களுக்கும் வேலை ஒன்றாகிப் போனது. சென்னை விமான நிலைய ஓடுபாதையில் வெள்ளம் ஏறியதும் பயணிகள் விமானங்கள் ராஜாளியிலிருந்து புறப்பட்டன. எதிரி அந்த முறை வானத்திலிருந்து மழையாக வந்திருந்தான்.

எந்த எதிரிக்கு எவ்வளவு ஒதுக்குகிறோம்? 2025-26 மத்திய பட்ஜெட்டில் பாதுகாப்புக்கு 6.81 லட்சம் கோடி ரூபாய். நாளுக்கு ஏறத்தாழ 1,866 கோடி. சுற்றுச்சூழல், வனம், காலநிலை மாற்ற அமைச்சகத்துக்கு ஆண்டு முழுவதற்கும் சுமார் 3,413 கோடி. ராணுவக் கணக்கில் அது இரண்டு நாள் செலவுக்குக் கூடக் காணாது. இந்த ஒப்பீட்டில் கொஞ்சம் அநியாயம் உண்டு. சூரிய மின்சாரம் போன்றவற்றின் பணம் வேறு அமைச்சகத்தில் இருக்கிறது. அந்த 26,549 கோடியையும் சேர்த்தாலும் பதினாறு நாள் கணக்குதான்.

உலகமும் இப்படித்தான். ஸ்டாக்ஹோமின் சிப்ரி நிறுவனக் கணக்குப்படி 2024-ல் உலக நாடுகளின் ராணுவச் செலவு 2.7 லட்சம் கோடி டாலர். இந்தியா ஐந்தாம் இடம். அதே ஆண்டு பாகூ மாநாட்டில் பணக்கார நாடுகள் ஏழை நாடுகளுக்குத் திரட்டித் தருவதாகச் சொன்னது, 2035-க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர். உலகம் ஆயுதத்துக்கும் படைக்கும் நாற்பது நாளில் செலவழிக்கும் தொகை.

வேலூர்ப் பக்கம் இதைப் பேசும்போது நாக்கை அடக்கித்தான் பேச வேண்டும். வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் உள்ள கம்மவான்பேட்டை இங்கேதான் இருக்கிறது. பாதுகாப்பு பட்ஜெட்டில் 1.61 லட்சம் கோடி ஓய்வூதியம். பீரங்கி வாங்கும் பணமல்ல, மளிகைக் கடைக்குப் போகும் பணம். அதில் கை வைக்கச் சொல்ல யாருக்கும் மனம் வராது. ஆயுதங்களும் கருவிகளும் வாங்குகிற மூலதனச் செலவு 1.80 லட்சம் கோடி. கேள்வி கேட்பதானால் அங்கே கேட்கலாம்.

பேரிடருக்குப் பணமே இல்லையா என்றால், இருக்கிறது. 15-வது நிதிக் குழு 2021 முதல் ஐந்தாண்டுகளுக்கு மாநிலங்களின் பேரிடர் நிதியாக 1,60,153 கோடி வகுத்தது. ஆனால் அதில் எண்பது சதவீதம் மீட்புக்கும் நிவாரணத்துக்கும். முன்கூட்டித் தடுப்பதற்கு இருபதுதான். வந்த பின் கேட்டாலும் கை தாராளமாக நீள்வதில்லை. 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலுக்கும் தென்மாவட்ட வெள்ளத்துக்கும் தமிழக அரசு கேட்டது சுமார் 37,900 கோடி. உச்ச நீதிமன்றம் வரை போன பிறகு 2024 ஏப்ரலில் தேசிய நிதியிலிருந்து விடுவிக்கப்பட்டது 276 கோடி. பாதுகாப்புச் செலவின் கடிகாரத்தில் மூன்றரை மணி நேரம்.

பெரும்பாலும் மணலாகக் கிடக்கும் பாலாறு, 2021 நவம்பரில் கரை புரண்டது. அதே மழையில் பேரணாம்பட்டில் வீடு இடிந்து, குழந்தைகள் உட்பட 9 பேர் இறந்தார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது உறுதியான சுவர். எந்தப் படகும் அந்த நேரத்தில் உதவியிருக்காது.

தோல் தொழில் ஊர்களில் மழைக்கு இன்னொரு முகமும் உண்டு. பதனிடுவதற்கான குரோமிய ரசாயனம் தயாரித்து, தொண்ணூறுகளில் மூடப்பட்ட ராணிப்பேட்டை ஆலை ஒன்றில் இரண்டு லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவு மலையாகக் குவிந்து, ஆண்டுக்கணக்கில் அகற்றப்படாமல் கிடந்தது. வெயில் காலத்தில் அதை யாரும் கவனித்ததில்லை. வடகிழக்குப் பருவமழை வலுத்ததும் அதிலிருந்து மஞ்சளாகக் கசிந்து, வயலும் கிணறும் பார்த்து இறங்கும்.