கஸ்டமர் கார் மூழ்கினால் யார் பொறுப்பு? ஒர்க்‌ஷாப் இன்ஷூரன்ஸில் கவனிக்க வேண்டியவை

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் கார்கள் வெள்ளத்தில் மிதந்தன. சர்வீஸுக்கு விட்ட வண்டி ஒர்க்‌ஷாப்புக்குள்ளேயே மூழ்கினால்? கஸ்டமரிடம் தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ் மட்டும் இருந்தால், வண்டி சேதத்துக்கு அவருக்கு கிளெய்ம் கிடையாது. நேராக உங்ககிட்டதான் வந்து நிற்பார்.

எந்த பாலிசி?
கட்டடம், மெஷின், ஸ்டாக் எல்லாம் சேர்த்து 5 கோடி ரூபாய் வரை மதிப்புள்ள தொழில்களுக்கு, 2021 ஏப்ரல் முதல் 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' பாலிசி இருக்கிறது. தீ, புயல், வெள்ளம், நிலநடுக்கம் இதில் அடங்கும். ஆனால், இது அடிப்படையில் உங்கள் சொத்துக்கான கவர். கஸ்டமர் வண்டிக்கும் வேண்டுமென்றால் தனியாகக் கேட்டு, பாலிசியில் எழுதி வாங்கணும். டெஸ்ட் டிரைவ் விபத்துக்கு 'மோட்டார் டிரேட்' பாலிசி பற்றிக் கேளுங்கள்.

மதிப்பைக் குறைக்காதீங்க
பிரீமியம் மிச்சம் என்று 10 லட்ச ரூபாய் பொருளை 5 லட்சத்துக்கு இன்ஷூர் செய்தால், 2 லட்ச ரூபாய் நஷ்டத்துக்கு சுமார் 1 லட்சம்தான் கிடைக்கும். சூக்ஷ்ம பாலிசியில் 15 சதவீதம் வரையிலான குறைவுக்கு மட்டுமே விலக்கு.

வேலையாட்களுக்கு?
ஜாக்கி நழுவி மெக்கானிக் காயமடைந்தால் இழப்பீடு தருவது முதலாளியின் பொறுப்பு. இஎஸ்ஐ இல்லாத சின்ன கடை என்றால், எம்ப்ளாயீஸ் காம்பென்சேஷன் பாலிசி அவசியம்.

பணம் கட்டும் முன் ஏஜென்ட்டிடம் ஒரே கேள்வி: 'இன்னைக்கு ராத்திரி கடைக்குள்ள தண்ணி வந்தா, கஸ்டமர் வண்டிக்கு யார் பணம் தருவா?' அந்தப் பதில் பாலிசி பேப்பரில் இருக்கான்னு பாருங்க.