தாது வருஷத்துப் பிள்ளைகளின் ஊர்

பெங்களூருக்கு வடமேற்கே, சிக்கபாணாவரா தாண்டி ஹெசரகட்டா சாலைப் பக்கம் சில்வேபுரா என்றோர் ஊர் இருக்கிறது. கன்னடத்தில் ஷிலுபெ என்றால் சிலுவை. தமிழ்க் காதுக்கு அந்தப் பெயரை விளக்கவே வேண்டாம்.

ஊர் பிறக்கக் காரணம் ஒரு பஞ்சம். தமிழ்நாட்டில் தாது வருஷப் பஞ்சம் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்ட அதே 1876-78 பஞ்சம்தான். மைசூர் சமஸ்தானத்தில் 1871-இல் 50 லட்சத்துக்கு மேல் இருந்த ஜனத்தொகை, 1881 கணக்கெடுப்பில் 42 லட்சத்துக்கும் கீழே போய்விட்டது. தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளை, பாரிஸிலிருந்து வந்திருந்த பிரெஞ்சு மிஷன் குருக்கள் எடுத்து வளர்த்தார்கள். கஞ்சி ஊற்றியதோடு நிற்கவில்லை. நிலம் வாங்கிப் பண்ணை வைத்து, பஞ்சத்தில் பிழைத்தவர்களை அங்கேயே குடியமர்த்தினார்கள். அன்று நெலமங்கலா தாலுகாவில் இருந்த சில்வேபுராவும், கனகபுரா தாலுகாவின் மரியாபுராவும் அப்படி எழுந்த ஊர்கள்.

இன்று ராகிக் கொல்லைகள் லேஅவுட் மனைகளாகின்றன. 1890-களில் பெங்களூருக்கு முதன்முதலாகக் குழாய்த் தண்ணீர் கொடுத்த ஹெசரகட்டா ஏரிக்குப் போகும் சாலையில் கல்லூரிப் பேருந்துகள் ஓடுகின்றன. நகரமும் கிராமமும் முட்டிக்கொள்ளும் இத்தகைய விளிம்புகளில்தான் சின்னஞ்சிறு கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளிகளுக்கு வேலை அதிகம். வீட்டில் தமிழோ தெலுங்கோ, மைதானத்தில் கன்னடம், அறிவியல் பாடம் ஆங்கிலத்தில் என்று வளரும் பிள்ளைகள்தான் அங்கே படிக்கிறார்கள். ஒரு பெண் மூன்று நாள் வராவிட்டால் சிஸ்டரே விசாரித்துவிடுவார்: அப்பா வேறு லேஅவுட்டுக்குச் சென்ட்ரிங் வேலைக்குப் போய்விட்டாரா, தம்பியைப் பார்த்துக்கொள்ள அக்காவை வீட்டில் நிறுத்திவிட்டார்களா? இரண்டாயிரம் பேர் படிக்கும் பள்ளியில் அந்தக் கேள்வியைக் கேட்க யாருக்கு நேரம்?

இந்தச் சிறிய பள்ளிகளுக்குப் பணம்தான் பெரிய தலைவலி. கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகள் 25 சதவீத இடங்களை ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும். அதற்கான செலவை அரசு ஈடுசெய்யும். 2014 மே 6-இல் உச்ச நீதிமன்றம் சிறுபான்மைப் பள்ளிகளை அந்தச் சட்டத்திலிருந்து விலக்கியது. நிர்வாக உரிமையைக் காத்த தீர்ப்பு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அரசு உதவி பெறாத சிறிய பள்ளி ஏழைப் பிள்ளையைச் சேர்த்தால், அந்தச் செலவு முழுக்கப் பள்ளியின் தலையில்தான். பஞ்சத்துப் பிள்ளைகளுக்காக நிலம் வாங்கிய ஒரு திருச்சபை இந்தச் சுமையைத் தட்டிக்கழிக்கக் கூடாது. நகரத்தில் வசதியாக இருக்கும் அதன் பெரிய பள்ளிகள் இதில் தோள் கொடுக்க வேண்டும்.

மே, ஜூனில் சேர்க்கை நடக்கும். சிமென்ட் காய்ந்த விரல்களோடு ஒரு தகப்பன் அலுவலக வாசலில் நிற்பார். பாதிப் பணம் இப்போது, மீதி தசராவுக்குப் பிறகு என்று தயங்கித் தயங்கிக் கேட்பார்.